உச்சியில் ஒரு சிப்பி

பனிமலையின் உச்சியில் ஒரு சிப்பி இருந்தது. கடல் சிப்பிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அது இருந்த இடத்திலேதான் இருந்தது. தரைதான் எழுந்து போய்விட்டது.

அடியில் இரண்டு பெரிய நிலத்தட்டுகள் கிடாக்களைப் போல முட்டிக்கொண்டிருந்தன. நடுவிலிருந்த கடல் ஒடுங்கி, அதன் தரை மடிந்து மலையாகிவிட்டது. தட்டுகள் வழுக்கும்போதெல்லாம் மலை குலுங்கி, ஒரு விரற்கடை உயரும். சிப்பியோ, "அண்ணே, அலை வருது" என்று வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். மலை மறுத்துப் பேசியதில்லை. அந்த உயரத்தில் மலைக்குப் பேச்சுத்துணை வேறு யார்?

ஒருநாள் தெற்கே போகிற வாத்து ஒன்று இளைப்பாற இறங்கியது. "கடற்கரைக்குத்தான் போறேன் தம்பி. கவ்விக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டது.

"போகட்டுமா, அண்ணே?" என்று சிப்பி மலையைக் கேட்டது.

"நீ எதுக்குப் போகணும்? கடலே உன்னைத் தேடி வந்துக்கிட்டிருக்கு" என்றது மலை.

அந்த நேரம் பார்த்துத் தரை குலுங்கியது. "பாத்தீங்களா அக்கா, வந்துடுச்சு" என்று வாத்தை அனுப்பிவிட்டுச் சிப்பி வாயைத் திறந்தது. வாய்க்குள் பனி விழுந்தது.

"உப்பே கரிக்கலையே, அண்ணே."

"போகப் போகக் கரிக்கும்" என்றது மலை.