பத்தொன்பதாவது வீட்டுத் தண்ணீர்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். கற்பூரத்தை ஏற்றினால் அணைத்தே காட்டலாம்.

அவர் முன்னால் ஸ்டூலில் இரண்டு வைத்திருந்தார்கள்.

சீல் பிரிக்காத பாட்டில் ஒன்று. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர்.

அவர் இரண்டையும் தொடவில்லை. பார்த்தார்.

பெண் பார்க்க வந்த வீடு. கூடம் நிறைய ஆட்கள். பட்டுப்புடவையில் வந்து நின்ற பெண்ணை விட்டுவிட்டு எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள்.

அந்தக் கைக்குக் கோயம்புத்தூரில் அப்படி ஒரு பேர்.

மாப்பிள்ளையின் அப்பா அவர். ஆயுசுக்கும் சிறுவாணித் தண்ணீரே குடித்து வளர்ந்த நாக்கு. ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், அந்தக் குடும்பத்தின் யோக்கியதை வெளியே வந்துவிடும்.

பெண் பார்க்கப் போன ஏழாவது வீட்டில் ஒரு மடக்கு குடித்தார். தாய்மாமன் கோபத்தில் இருக்கிறார் என்றார். பின்கட்டில் போய்ப் பார்த்தால், தாய்மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உரல்மேல் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டாவது வீட்டில் பாதி மடக்கு. பெண்ணின் மனசு இங்கே இல்லை என்றார். அந்த வெள்ளிக்கிழமையே பெண் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மாலையோடு நின்றது.

பதினாறாவது வீட்டில் குடிக்கவே இல்லை. டம்ளரைக் காதோரம் வைத்துக் கேட்டார். எழுந்து வந்துவிட்டார்.

என்ன கேட்டது என்று இன்று வரை சொல்லவில்லை.

குடித்து முடித்தால் பேச்சைத் தொடரலாம். பாதியில் வைத்தால் எல்லோரும் செருப்பைத் தேட வேண்டியதுதான். ஆறு வருடமாக அதுதான் நடக்கிறது.

மகன் பூபதிக்கு முப்பத்தேழு முடிந்துவிட்டது. இந்த இடமும் தட்டிப்போனால் இனி எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று சொல்லித்தான் காரில் ஏறினான். இந்தப் பெண் மைதிலியோடு ஒரே பஸ்ஸில் ஆறு மாதமாக வேலைக்குப் போகிறான். அது அப்பாவுக்குத் தெரியாது.

பூபதி கூடத்து மூலையில் நின்று அப்பாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் பாட்டிலை எடுத்தார்.

வந்தவர்களுக்கு எதற்குப் பாட்டில்? வீட்டுத் தண்ணீரில் எதை மறைக்கிறார்கள்?

மூடிக்குக் கீழே இருந்த வளையத்தை நகத்தால் நெருடினார். பிரிக்காததுதான்.

அதுவே சந்தேகமாக இருந்தது.

பாட்டிலைக் கவிழ்த்தார். குமிழிகள் மேலே போயின. ஒன்று மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனது.

பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அது கடையில வாங்குனதுங்க. டம்ளர்ல இருக்கறது நம்ம குழாய்த் தண்ணி" என்றார் பெண்ணின் அப்பா கனகசபாபதி. "உங்களுக்கு எது தோதுப்படுதோ அதைக் குடிங்க."

அவர் டம்ளரை எடுத்தார்.

குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால் பக்கத்தில் பாட்டில் எதற்கு? வைத்தவர்களுக்கே குழாய்மேல் நம்பிக்கை இல்லையா?

மோந்து பார்த்தார். வாசனை இல்லை. வாசனை இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் தெரிந்தது.

அதையும் ஒரு நிமிஷம் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

பக்கத்தில் மனைவி வசந்தாமணி. பதினெட்டு வீட்டிலும் இந்த நேரத்துக்கு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தவர், இன்றைக்கு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, குடிக்கறதுன்னா குடிங்க. இல்லீன்னா இங்க குடுங்க, எனக்கு முறுக்கு தொண்டையில நிக்குது."

அவர் ஒரு மடக்கு வாயில் வாங்கினார்.

விழுங்கவில்லை. வலது கன்னத்துக்குக் கொண்டுபோனார். இடது கன்னத்துக்குக் கொண்டுவந்தார். கண்ணை மூடினார்.

மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

தொண்டை ஏறி இறங்கியது.

இன்னொரு மடக்கு.

இன்னொன்று.

டம்ளரைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டையும் வாங்கிக்கொண்டார்.

"சிறுவாணி" என்றார். "மலையில இருந்து நேரா வந்து எறங்குன தண்ணி. ஒரு சொட்டு கலப்பில்லீங்க. எங்க வீட்டுக் குடத்துல மோந்து குடிச்சாப்பலயே இருக்குது."

டம்ளரை ஸ்டூலில் வைத்தார்.

"தேதி பாத்துரலாமுங்க, சம்பந்தி."

பூபதி சுவரில் சாய்ந்தான். மைதிலி அப்போதுதான் அவனை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வசந்தாமணியும் பெண்ணின் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்க இரண்டு பேரும் ரொம்பச் சிரமப்பட்டார்கள்.

முந்தின நாள் வசந்தாமணி போனில் அந்த அம்மாவுக்கு ஒரு கடையின் பேரும் நம்பரும் கொடுத்திருந்தார். பலகாரக் கடை என்றுதான் மாப்பிள்ளையின் அப்பா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் வீட்டுக் குடத்தில் பதினொரு வருடமாக வசந்தாமணி ஊற்றி வைப்பது அதே கடைக் கேன் தண்ணீர்.