இந்த மீட்டிங்கைப் போட முடியவில்லை

"அதைச் சரி பண்ண வேணாம். அப்படியே விட்டுரு" என்றார் மேனேஜர் சத்தியமூர்த்தி.

மாரீஸ்வரி கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. காரைக்குடி செக்காலை ரோட்டில் இருந்த அந்த ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்யூட்டர், மெயில் எல்லாம் அவள் பொறுப்பு.

"கோளாறைச் சரி பண்ணத்தானே சார் எனக்குச் சம்பளம் குடுக்குறீக?"

"சரி, கதவையாவது சாத்தும்மா. ஏசி குளிரு பூராம் வெளிய போகுது."

"தொறந்தே கெடக்கட்டும் சார்."

கொஞ்ச நாளாகவே அவள் அந்த சர்வர் அறைக் கதவைச் சாத்துவதில்லை. சத்தியமூர்த்தி வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

அலுவலகத்தில் பாதிப் பேருடைய மெயில் இன்னும் இங்கேயே பழைய சர்வரில் இருந்தது. மீதிப் பேருடையது கிளவுடுக்குப் போய்விட்டது. பழைய சர்வரில் இருப்பவர்கள் ஆன்லைன் மீட்டிங் போட்டால், 'இந்த மீட்டிங்கைப் போட முடியவில்லை, பிறகு முயலவும்' என்று வந்து நின்றது.

அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஜனனியும் ஒருவர். பெண் ஊழியர்களின் புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"முதலாளியோட மச்சினன் மேல ஏதோ ஒரு பொண்ணு புகார் குடுத்திருக்கு" என்று சத்தியமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "பேரை ஜனனி மேடம் வெளிய விட மாட்டேங்குறாக. ஆபீஸ் காலண்டர் வழியாக் கூப்பிட்டாத்தான் விசாரணை செல்லும். குழுவுல இருக்குற மெட்ராஸ் வக்கீலம்மா அடுத்த வாரம் வெளிநாடு போறாக. அதுவரைக்கும் இந்தக் கோளாறு இருந்துட்டா, விசயம் தன்னால ஆறிப்போகும்."

"ஆறாது சார்."

"மெஷின் கோளாறும்மா. யாரும் உன்னைய ஒண்ணும் கேக்க மாட்டாக."

"என்னைய நானே கேப்பேன்ல?"

அவள் திரையில் பிழைப் பதிவுகளை உருட்டிக்கொண்டே போனாள். கிளவுடிலிருந்து காலண்டரைக் கேட்டுக் கோரிக்கை வரும்போதெல்லாம் பழைய சர்வர், 'உன்னைத் தெரியாது' என்று திருப்பி அனுப்பியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று நம்புவதற்கான சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. புதிதாக ஒன்றை உருவாக்கி இரண்டு பக்கமும் ஏற்றத் தொடங்கினாள்.

சத்தியமூர்த்திக்கு முகம் கறுத்துவிட்டது.

"அந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அக்கவுண்ட்ஸ் சுபாதான். தூத்துக்குடி குடோனுக்கு மாத்தி ஆர்டர் அடிச்சு வச்சிருக்கேன்."

மாரீஸ்வரியின் விரல்கள் நின்றன.

"சுபாவை எதுக்கு சார் இழுக்குறீக? அவ கைப்பிள்ளைக்காரி."

"அப்ப இதை விடு. நீ இதை விட்டா, நான் அவளை விடுறேன்."

அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையை எடுக்காமலே என்டரைத் தட்டினாள். சர்வர் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

"மேடம், இப்பப் போட்டுப் பாருங்க!" என்று எதிர் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

சற்று நேரத்தில் ஜனனியின் பதில் வந்தது. "போயிருச்சு மாரீஸ்வரி! எல்லாருக்கும் போயிருச்சு!"

"எவளுக்கோ பரிஞ்சுக்கிட்டு உன் பொழப்பைக் கெடுத்துக்கிட்டியேம்மா" என்றார் சத்தியமூர்த்தி. "நாளைக்கு நீ இந்த ஆபீஸ்ல இருக்கியான்னு பாக்குறேன்."

கிளம்பத் திரும்பியவரை டிங் என்ற சத்தம் நிறுத்தியது. மாரீஸ்வரியின் திரையில் ஓர் அழைப்பு வந்திருந்தது. விசாரணைக் கூட்டம், வெள்ளிக்கிழமை காலை.

குனிந்து படித்தார். "இது எதுக்கு உனக்கு வருது? சரியாயிருச்சான்னு பாக்கவா?"

மாரீஸ்வரி எழுந்து அவருக்கு நேராக நின்றாள்.

"புகார் குடுத்தவளைக் கூப்பிடாம எப்புடி சார் விசாரிப்பாக?"