இரண்டு முழம்

கிணற்றுக்குள் விட்ட கயிறு இன்றைக்கும் இரண்டு முழம் போதவில்லை. தையல்காரருக்குச் சந்தேகமே இல்லை; பக்கத்து வீட்டு மச்சான்தான் கமுக்கமாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான்.

கையும் களவுமாகப் பிடிக்கச் சுவரேறி எட்டிப் பார்த்தார். மச்சான் தன் கிணற்றடியில் காலி வாளியோடு நின்றிருந்தான்.

"என் தண்ணிய இழுத்தது போதாதுன்னு வேவு வேற பாக்குறீங்களா, மாமா?"

சத்தம் கேட்டு, தெருவில் போன கால்வாய் மேஸ்திரி நின்றார்.

"ஏங்க அடிச்சிக்கிறீங்க? தெரு பூரா கிணறு வத்திடுச்சு. கால்வாய்த் தரையில சிமெண்ட் பூசிட்டா மண்ணுல தண்ணி எப்படி ஊறும்? சேறு நாறுது, பூசுங்கன்னு மனு வந்துச்சு, பூசினோம்."

"எந்த மகராசன் குடுத்தது?" என்றான் மச்சான்.

"பேர் இல்லைங்க. ஆனா காகிதத்த எல்லாம் அழகா மெஷின் தையல் போட்டுக் கோத்திருந்துச்சு."

மச்சான் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பினான்.