எண்பது லட்சம் புள்ளிகள்

சிதம்பரம் தெற்கு வீதியில் இருந்த அந்த டிவிக் கடையில் ஏசி குளிர் நடுக்கியது. கொளஞ்சியப்பனுக்கு மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தது.

எதிர்ச் சுவரில் மூன்று டிவிகள். மூன்றிலும் ஒரே கிளி. முதல் டிவியில் அது பச்சையாக இருந்தது. இரண்டாவதில் அதற்கு இறகுகள் இருந்தன. மூன்றாவதில் அதன் மூக்கில் ஒட்டியிருந்த கொய்யா விதைகளையே எண்ணிவிடலாம்.

"இது ஹெச்டி ரெடி, பத்து லட்சம் புள்ளி. நடுவுல ஃபுல் ஹெச்டி, இருபது லட்சம். அது ஃபோர்கே சார், எண்பது லட்சம் புள்ளி" என்றாள் விற்பனைப் பெண் எழிலரசி.

"மாப்ள, எலக்ட்ரீசியன் நீதான். சொல்லு, எத எடுக்கலாம்?" என்று கேட்டான் மச்சான் ஸ்ரீதர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மச்சான்? ஹெச்டி ரெடியே போதும்."

ஸ்ரீதரின் மனைவி சத்யப்பிரியா திரும்பிப் பார்த்தாள். "அதுல கிளிக்கு மூக்கே தெரியலயேண்ணே."

"நாம என்ன கிளியவா பாக்கப் போறோம்? சீரியல்தான! ஃபோர்கேக்கு கரண்டு ஜாஸ்தி. புள்ளைங்க கண்ணுக்கும் ஆவாது."

அவனுக்கு நன்றாகத் தெரியும், மச்சான் வீட்டிலிருந்து யாரும் சீரியல் பார்ப்பதற்காக டிவி வாங்க வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், காட்டுமன்னார்கோயிலில் ஸ்ரீதர் வீட்டில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். வாசலில் பந்தல், கொல்லையில் சமையல், நூற்றைம்பது பேர் சாப்பாடு. மறுநாள் சத்யப்பிரியா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அழுதுகொண்டே பேசி அனுப்பினாள். ஐந்து பவுன் செயினைக் காணோம். சொந்தபந்தத்துக்குள் போலீஸ் வேண்டாம். வீடியோக்காரர் ராஜ்கமல் கொல்லை வரைக்கும் ஃபோர்கே கேமராவில் எடுத்திருக்கிறார். பென் டிரைவ் வந்ததும் நல்ல டிவியாக வாங்கி மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். யார் கையில் என்ன இருந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

பென் டிரைவ் வந்துவிட்டது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

காது குத்து அன்றைக்குச் சாயங்காலம் கையில் இருந்ததைத் துண்டால் மூடிக்கொண்டு கொல்லை வழியாக நழுவியபோது, ராஜ்கமலின் கேமரா தன் பக்கம் திரும்பியதைக் கொளஞ்சியப்பன் பார்த்திருந்தான். எடுத்த பொருள் இன்னும் சிதம்பரத்தில் அவன் வீட்டுப் பரணில் கோணிக்குள் இருந்தது. அவன் மனைவி மங்கலம் ஸ்ரீதரின் கூடப் பிறந்த தங்கை. விஷயம் தெரிந்தால் பெட்டியைக் கட்டிவிடுவாள். கட்டிக்கொண்டு நேராக இவர்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

அவன் எழிலரசியை ஓரமாக அழைத்தான். "ஏம்மா, தூரத்துல ஒரு ஆளு நடந்து போறான்னு வெச்சிக்க. இந்த ஹெச்டி ரெடியில அவன் மூஞ்சி தெரியுமா?"

"சின்ன ஸ்கிரீன்ல, தள்ளி உக்காந்து பாத்தா யாருன்னு சொல்றது கஷ்டம் சார்."

"கேட்டியா மச்சான்! நல்ல டிவி!"

எழிலரசி குழம்பிப்போய் அவனைப் பார்த்தாள்.

"ஃபோர்கேல?" என்றாள் சத்யப்பிரியா.

"பெரிய ஸ்கிரீன்ல பாத்தீங்கன்னா அவரு சட்டைப் பட்டன்கூட தெரியும்க்கா."

கொளஞ்சியப்பன் தன் சட்டைப் பட்டனைத் தடவிக்கொண்டான். "நடுவுல இருக்கறதாச்சும் எடுக்கலாமே. இருபது லட்சம் புள்ளி என்ன கொறச்சலா?"

"எண்பதே குடும்மா, ஐம்பத்தஞ்சு இஞ்சுல" என்றான் ஸ்ரீதர்.

பெட்டியை வேனில் ஏற்றக் கொளஞ்சியப்பன்தான் கை கொடுத்தான். கனமாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஸ்ரீதர் ரைஸ்மில்லில் இருக்கும் நேரம் பார்த்து, கோணியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் காட்டுமன்னார்கோயிலுக்கு வந்து இறங்கினான். சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைந்தான். துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

கல்லின்மேல் இடமில்லை.

ஒரு தாம்பாளம், இட்லிக் குண்டான், இரண்டு தூக்கு, ஜல்லிக்கரண்டி, குக்கர் ஒன்று, அதன் மூடி வேறு யாரோ கொண்டுவந்ததுபோல் தனியாகத் தாளில் சுற்றி. எல்லாவற்றிலும் 'சத்யப்பிரியா' என்று பெயர் வெட்டியிருந்தது.

கொளஞ்சியப்பன் மெதுவாகக் கோணியைப் பிரித்தான். அன்று மீந்த சாம்பாரோடு தூக்கிப் போய், கழுவித் துடைத்த பிறகு திருப்பித் தர மனசு வராமல், மங்கலத்துக்கும் தெரியாமல் பரணில் ஏற்றிய எவர்சில்வர் வாளி. அதன் வயிற்றிலும் அதே பெயர். வாளியைத் தூக்கியவன் செயினை மட்டும் விட்டிருப்பானா என்று ஊர் கேட்குமே என்றுதான் அவனுக்கு இத்தனை நாள் தூக்கமில்லை.

வாளியைத் தரையில் வைத்தான். கைப்பிடி 'டங்'கென்று விழுந்தது. பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றான். ஜன்னலுக்கு உள்ளே சத்யப்பிரியா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இரும்மா, சத்தம் கேக்குது... வாளியா இருக்கும், அது ஒண்ணுதான் பாக்கி. பாத்திரத்தக் காணோம்னு சொல்லியிருந்தா இவுங்க ஒருத்தராச்சும் திருப்பிக் குடுத்திருப்பாங்களா? டிவியா? பொட்டியப் பிரிக்கவே இல்ல. கடைப் பொண்ணுகிட்ட பேசிட்டேன், மாத்தித் தருவாங்களாம். கொளஞ்சியண்ணன் சொன்ன ஹெச்டி ரெடியே நமக்குப் போதும்."

மறுமுனையில் அவள் அம்மா ஏதோ கேட்டாள். சத்யப்பிரியா சிரித்தாள்.

"செயினா? அது எங்க போவும்மா, அன்னிலேருந்து அரிசி டின்லதான் கெடக்குது!"