உடுமலைப்பேட்டை வரைக்கும் ஒரு தூக்கம்

"இந்த ஆளை யாரு மேனேஜர் ஆக்குனது?" பக்கத்தில் இருந்த ஜின்சனின் காதில் கிசுகிசுத்தாள் டின்சி.

கேரளத்துத் தேவிகுளத்தில், தேயிலை பறிக்கும் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் கிளை அது. திங்கள்தோறும் ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து, போன வாரம் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"தப்பே இல்லைன்னா, புதுசா எதுவும் செஞ்சு பாக்கலைன்னு அர்த்தம்" என்பார் மேனேஜர் சூசையப்பன். தொடங்கி வைப்பதும் அவர்தான். எப்போதும் இரண்டு தவறாவது கையிருப்பில் இருக்கும்.

"வியாழக்கிழமை மத்தியானம் மறையூருக்குக் கிளம்பினேன். பஸ்ல தூங்கிட்டேன். முழிச்சா உடுமலைப்பேட்டை! வீடு வந்து சேர ராத்திரி பத்து மணி."

எல்லாரும் சிரித்தார்கள். டின்சி சிரிக்கவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். அதே வியாழக்கிழமை அவளும் ஒன்று செய்திருந்தாள்.

"அடுத்து யாரு?"

தமிழ்நாடு வரைக்கும், மாநிலம் விட்டு மாநிலம் தூங்கிப் போனவரிடம் சொன்னால்தான் என்ன? எழுந்தாள்.

"காலைல லயத்து வீட்டு வாசல்ல நடக்குற கடன் குழுக் கூட்டத்தை, யாரையும் கேக்காம, சாயங்காலம் கொழுந்து எடை போடுற எடத்துக்கு மாத்தினேன் சார். காலைல பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பணுமே, பாவம்னு... இருபது பேர்ல மூணு பேர்தான் வந்தாங்க."

வேலை போச்சு என்று நினைத்தாள்.

"மாத்தினது தப்பில்லம்மா. நேரம்தான் தப்பு. வேற நேரம் இருக்கா?"

"எடை முடிஞ்சா வீட்டுக்கு ஓடத்தான் பாப்பாங்க" என்றான் ஜின்சன். "மத்தியானச் சோத்துக்கு எல்லாரும் ஒரே எடத்துலதான உக்காருவாங்க?"

அந்த வியாழன் மத்தியானம், தூக்குச்சட்டிகளுக்கு நடுவே கூட்டம் நடந்தது. இருபது பேரும் இருந்தார்கள்.

"எல்லாம் எங்க மேனேஜர் புண்ணியம்க்கா" என்றாள் டின்சி, குழுத் தலைவி மதலேனம்மாளிடம். "போன வியாழன் அவரு உடுமலைக்குத் தூங்கிட்டே போகலைன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்."

"போன வியாழனா?" மதலேனம்மாள் சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "அன்னைக்குச் சாயங்காலம் நீ மொகத்தத் தொங்கப் போட்டுட்டுப் போனதும், குடையும் கையுமா இங்கன வந்து நின்னாரே! ஏன் யாரும் வரலைன்னு கேட்டாரு. 'நான் வந்தத அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிராதீங்க, அதுவாச் சொல்லட்டும்'னாரு. நானும் இந்நேரம் வரைக்கும் சொல்லலையே, தாயி!"