ஒரு பிள்ளை குறையுது

"பெத்த புள்ளையை இல்லைன்னு சொல்றியே, நீயெல்லாம் ஒரு மனுசியா?"

நாகையா போட்ட சத்தத்தில் லைன் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பாப்பாத்தி அசையவில்லை. "எனக்கு ரெண்டுதான், அண்ணா."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே தண்ணி டிரம்முக்குப் பின்னாலிருந்து தும்மல் சத்தம்.

"அது என்னா, உங்க வூட்டு டிரம்மு தும்முதா?"

பட்டியலோடு கூட வந்த சுலோசனா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திருப்பதிக்கு வெளியே, சித்தூர் ரோட்டை ஒட்டின காலனி அது. பத்து வருஷத்துக்கு முன்னால் வேர்க்கடலைக் கொல்லை. கட்டட வேலைக்கும் லாரி ஷெட்டுக்கும் நகரி, புத்தலப்பட்டுப் பக்கத்திலிருந்து ஜனம் வந்து குவிந்துவிட்டது. பள்ளிக்கூடம் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. லாரிகளுக்கு நடுவே ஓடித்தான் பிள்ளைகள் போகவேண்டும். பாப்பாத்தியின் மூத்தவனுக்குக் காலில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

மண்டல ஆபீசில் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்கள். ஐந்து வயசு தாண்டின பிள்ளைகள் நூற்றைம்பது பேர் இருந்தால் காலனிக்கே தனிப் பள்ளிக்கூடம். ஒன்று குறைந்தாலும் கிடையாது. பட்டியல் இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேரணும்.

நாகையாவுக்கு அதில் தீயாய் அவசரம். தக்காளிக் கூடை சுமந்து, பேரம் பேசிப் பேசியே மனை வாங்கி, பதினாறு லைன் வீடு கட்டின ஆள். நாளைக்கு வார்டு மெம்பருக்கு நாமினேஷன். 'ஸ்கூலு கொண்டாராம விடமாட்டேன்' என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அவருடைய வீடுகளில் ஒரு சட்டம். ரெண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் குடி வைக்கமாட்டார். போர்வெல்லில் தண்ணி பத்தாதாம். அந்த மனுஷனே டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு எத்தனை பிள்ளை என்று கேட்டால், யார் வாயைத் திறப்பார்கள்? எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ரெண்டு.

"ரெண்டுக்கு மேல பெத்தா எலக்ஷன்ல நிக்கக் கூடாதுன்னுதான் சர்க்காரு சட்டம்" என்றாள் பாப்பாத்தி. "வூட்ல இருக்கவும் கூடாதுன்னு யார் அண்ணா சொன்னது?"

"சட்டத்தை எனக்கே சொல்றியா? நாளைக்கு நாமினேஷன் போடப் போறவன் நான்! கொண்டா வெளிய. யாரையும் காலி பண்ணச் சொல்லமாட்டேன். திருமலையான் மேல சத்தியம், போதுமா?"

சத்தியம் கேட்டதும் டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒன்று வந்தது. அடுத்த வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்று. அதற்கடுத்த வீட்டில் மாடிப்படிக்கு மேலே இருந்து ரெண்டு, இரட்டை.

"அடப்பாவிங்களா, என் வூட்டுக்குள்ளயே இன்னொரு ஊரு இருந்துக்கினு இருக்குதே!"

டீச்சர் எழுதிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பேருக்கும் நேரே அப்பாவோ அம்மாவோ கையெழுத்து, தெரியாதவர்களுக்குக் கைநாட்டு.

காலையிலிருந்து நாகையாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசுச் சின்னப் பெண் ஒருத்தியும் கூடவே நடந்தாள். உடைந்த சிலேட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"இது யாரு சார்?"

"தரணி. மச்சினன் பொண்ணு, நாராயணவனம். நாலு நாள் இருந்துட்டுப் போக வந்துக்கிறா. விருந்தாளிப் புள்ளையை எழுதக் கூடாது இல்ல?"

"கூடாது சார். காலனியிலயே இருக்குற புள்ளைதான் கணக்கு. உங்க வீட்டுக்கு ரெண்டுன்னு எழுதிட்டேன்."

"மாமா, தண்ணி" என்றாள் தரணி.

"வூட்டுக்குப் போய்க் குடி. வெயில்ல சுத்தாதே." அவள் விரலை விடவில்லை.

நாலு மணிக்கு வேப்பமரத்தடியில் டீச்சர் கூட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் கூட்டினார்.

"நூத்தி நாப்பத்தொம்போது, சார்."

"சரியா பாருங்க, டீச்சரம்மா."

"பார்த்தாச்சு. ஒரு புள்ளை குறையுது."

நாகையாவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னும் எவனோ ஒளிச்சி வச்சிக்கினு இருக்கான்! அரை பர்லாங்கு தூரத்துல பள்ளிக்கூடம் வரப் போகுது. ஒருத்தன் சுயநலத்துக்கு நூத்தம்பது புள்ளைங்க லாரிக்கு நடுவுல ஓடணுமா? அவனுக்கு மனசாட்சியே கிடையாதா?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நாகையாவின் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"வாயைத் திறங்கடா! யாரு புள்ளை அது?"

தரணி அவர் விரலை இழுத்தாள்.

"இரு."

மறுபடியும் இழுத்தாள்.

"என்னா?"

"இங்க ஸ்கூலு வந்துட்டா, நான் இங்கயே படிக்கலாம்னு அம்மா சொல்லிச்சு." சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரகசியம் கேட்பதுபோல நிமிர்ந்து கேட்டாள். ரகசியம் பேச இன்னும் பழகாத வயசு; மரத்தடி முழுக்கக் கேட்டது. "ஸ்கூல்லயும் உன்னை மாமான்னுதான் கூப்பிடணுமா, நைனா?"

சுலோசனா டீச்சர் பட்டியலைப் பிரித்தார். காலியாக இருந்த கடைசி வரியைத் திருப்பிக் காட்டி, பேனாவை அவர் பக்கம் நீட்டினார்.

"இப்ப தும்முனது எங்க வூட்டு டிரம்மு இல்ல, அண்ணா" என்றாள் பாப்பாத்தி.