சேட்டுவின் மணிக்கட்டு

ஆம்புலன்ஸ் வண்டியில் வேலை ஒருவனுக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். விழுப்புரத்தில் நடந்த அந்த முதலுதவி வகுப்புக்குத் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து வரும் தாண்டவராயனுக்கு, கூடப் படிக்கும் வளவனூர் சேட்டுவைக் கண்டாலே வயிறு எரியும். கட்டுப் போட்டாலும் நாடி பிடித்தாலும் வாத்தியார் சேட்டுவைத்தான் மெச்சுவார்.

அன்று தாண்டவராயன் நோயாளியாகப் படுக்க வேண்டும், சேட்டு நாடி பார்க்க வேண்டும். அக்குளில் எலுமிச்சம்பழத்தை இடுக்கி இறுக்கினால் மணிக்கட்டில் நாடி தெரியாது. தாண்டவராயன் சட்டைக்குள் பழத்தோடு படுத்தான்.

சேட்டு வெகுநேரம் பிடித்துப் பார்த்தான். "நாடியே இல்லீங்க சார்."

தாண்டவராயன் துள்ளி எழுந்து பழத்தைக் காட்டினான். வகுப்பே சிரித்தது. சேட்டு தலையைக் குனிந்துகொண்டான்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே தாண்டவராயனின் கையைப் பிடித்தார். மறு கையையும் பிடித்தார். பிறகு கழுத்தைத் தொட்டார்.

"இன்னாடா, இன்னொரு பழம் எங்கியாவது இடுக்கிக்கினு இருக்கியா?"

"இல்லீங்க சார்."

"சரி, ஜல்தியா சேட்டுவுக்கு நீ பாரு."

தாண்டவராயன் சேட்டுவின் மணிக்கட்டில் விரல் வைத்தான். அங்கே இரண்டு நாடிகள் அடுத்தடுத்து அடித்துக்கொண்டிருந்தன.

"ரெண்டு அடிக்குதுங்க சார்."

வாத்தியாரும் சேட்டுவின் மறு கையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். "ஆமா, ரெண்டும் நல்லாவே அடிக்குது. சபாஷ் சேட்டு!"

தாண்டவராயனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அவன் விரலுக்கடியில், இரண்டில் ஒரு நாடி மட்டும் வேகமெடுத்தது.